பின் டயரில் 'அம்மா'

அன்னூர்,
16.6.2024

பெருமதிப்பிற்குரிய ஓட்டுநர் அண்ணனார் ஆதர்ஷ் அவர்களுக்கு,

கூண்டில் அடைபட்ட தங்கள் தம்பி தேஜா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்கள் நலம் என்று தெரியும். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இந்த ஹாஸ்டலில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அழகிரிசாமி சார் தன் போனைக் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். 'சாப்பிட்டேன், தூங்கினேன்' தவிர வேறெதுவும் பேச வராது. கடிதம் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பிரித்துப் படிக்க அவருக்குச் சோம்பல். உங்களை நம் வீட்டுத் தெலுங்கில் திட்டினால்தான் எனக்கு ருசி. ஆனால் எனக்குத் தெலுங்கு எழுத வராது, உங்களுக்குப் படிக்க வராது. ஆகவே தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்களுக்கு மறதி அதிகம் என்பதால் நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். புத்தாண்டுக்கு ஊட்டி போனோம். நைனா, அம்மா, நீங்கள், நான். உங்கள் சிவப்புக் காருக்கு அப்போதுதான் அகலமான புது டயர் போட்டிருந்தீர்கள், செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டிக் காட்டுவதற்காக. "பசையாட்ட ரோட்டப் புடிக்கும்டா" என்று மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரே பீற்றல். கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் லாட்ஜ் வாசலில் நான் பல் தேய்க்கும் பேஸ்டை எடுத்து, முன் டயரின் பக்கவாட்டில் 'ஐயோ' என்றும், பின் டயரின் பக்கவாட்டில் 'அம்மா' என்றும் எழுதினேன். கீழே 'தேஜா' என்று கையெழுத்தும் போட்டேன். கார் ஓடினால் ஐயோ அம்மா, ஐயோ அம்மா என்று சுற்றும். என் குற்றம் இத்துடன் முடிந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ரோடு காய்ந்துதான் இருந்தது. கேத்தி பக்கம் ஒரு வளைவில் நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள். கார் திரும்பவில்லை. வழுக்கிக்கொண்டு நேராகப் போய்க் கல்சுவரில் இடித்தது. அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், டயரில், வெள்ளையாக 'அம்மா'. நைனா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"இவன் டயர்ல என்னத்தையோ பூசித் தொலச்சிருக்கான் நைனா. அதான் வழுக்கிருச்சு."

அந்த ஒரு வரியில் ஏறித்தான் நான் அன்னூர் வந்து இறங்கினேன். "வீட்ல வெச்சிருந்தா யாரையாவது கொன்னுபோடுவான்" என்று நைனா பிளஸ் ஒன்னுக்கு இங்கே சேர்த்துவிட்டார். அது கூடப் பரவாயில்லை. அம்மாவுக்கு இன்னும் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கை தோளுக்குப் போகிறது. அவளுக்கே தெரியாமல் போகிறது.

டயரின் பக்கவாட்டு ரோட்டில் படுமா, ஓட்டுநர் அவர்களே? பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத
பேஸ்ட் தேஜா


சிங்காநல்லூர்,
30.6.2024

அன்புத் தம்பி தேஜாவுக்கு,

அண்ணன் ஆதர்ஷ் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. நல்லவேளை, வீட்டுக்கு இல்லாமல் நம் பம்ப்செட் பட்டறை முகவரிக்குப் போட்டாய். அம்மா கையில் கிடைத்திருந்தால் மனது கஷ்டப்பட்டிருப்பாள்.

ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? உனக்குப் பிடிக்குமே என்று அம்மா முறுக்குச் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். பார்சல் தனியாக வருகிறது. எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு. முறுக்குக்குள் எதையும் ஒளித்து வைத்து எவன் பல்லையும் உடைக்காதே.

டயரைப் பற்றி எழுதியிருந்தாய். முடிந்துபோன விஷயம். நீ பேஸ்ட் பூசியது உண்மைதானே? இல்லாததையா சொன்னேன்? போன ஆயுதபூஜைக்கு லேத் மிஷினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னால் மீசையும் வரைந்து வைத்தாய். பம்ப்செட் வாங்க வந்தவர் சிரித்த சிரிப்பில் நைனா உள்ளே போய்விட்டார். உன் சரித்திரம் அப்படி. யாரும் உன்னைச் சந்தேகப்பட்டால் அது அவர்கள் தப்பா?

ஒரு நல்ல செய்தி. ஊட்டியில் ஷ்ரவ்யா என்று ஒரு பெண். ஜாதகம் பொருந்தியிருக்கிறது. நைனாவுக்கு ரொம்பத் திருப்தி. இந்த நேரத்தில் பழைய கதையைக் கிளறாமல் நன்றாகப் படி.

அன்புடன்,
அண்ணன் ஆதர்ஷ்


அன்னூர்,
21.7.2024

ஆதர்ஷுக்கு,

அண்ணனார் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

முறுக்கு வந்தது. அறையில் என்னோடு இருக்கும் அஃபான், கோட்டைமேட்டுக்காரன், பாதியைத் தின்றுவிட்டு "உங்கொம்மா கைப்பக்குவம் சூப்பர்டா" என்றான். ஒரே கையால் பிழிந்த முறுக்கு என்று அவனிடம் சொல்லவில்லை.

லேத்துக்கு மீசை வரைந்தது நான்தான். நைனா "எவன்டா இது" என்று கேட்டு முடிப்பதற்குள் "நானுங்க" என்றேன். பிரம்படியும் வாங்கினேன். நான் செய்த எந்தக் கூத்தாவது யார் செய்தது என்று தெரியாமல் போயிருக்கிறதா? என் வேலைக்கு ஒரு மரியாதை உண்டு. செய்தவன் பெயர் அதில் இருக்க வேண்டும். ஒருத்தன் செய்து இன்னொருத்தன் அடி வாங்கினால் அதற்குப் பெயர் குறும்பு இல்லை. அதற்கு வேறு பெயர். தெலுங்கில் நன்றாக இருக்கும்.

இப்போது கேள். சுவரில் இடித்ததும் நீ முதலில் இறங்கினாய். முன் டயரைத் தொட்டுப் பார்த்தாய். "சே, குளுருக்குக் கெட்டியாயிருச்சு" என்று உனக்குள்ளேயே சொன்னாய். நான் உன் பின்னாலேயே நின்றிருந்தேன். அந்த அமளியில் அதற்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை. இங்கே வந்து யோசிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

உன் புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் கொஞ்சம் பிய்த்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். நீ தூங்கும்போது உனக்கு மீசை ஒட்டுவதற்காக. இங்கே ஹாஸ்டல் வேனுக்குப் புது டயர் போட்டார்கள். அதிலும் கொஞ்சம் பிய்த்தேன். இரண்டையும் மெஸ்ஸில் ஐஸ் வைக்கும் பெட்டிக்குள் ஒரு தயிர்க் கிண்ணத்தில் போட்டு வைத்தோம். "ஏன்டா, மசுரயெல்லாம் எதுக்குடா ஐஸ்ல வெக்கறே?" என்று அஃபான் கேட்டான். எடுத்துப் பார்த்தபோது வேன் முடி வளைந்தது. உன் முடி விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி விறைத்து நின்றது.

ஐஸ் பெட்டி ஊட்டியை விடக் குளிர். ஒத்துக்கொள்கிறேன். அதனால் கம்ப்யூட்டர் லேபில் தேடிப் படித்தேன். உன் டயர் கோடைக்கென்றே செய்த வேக டயர். சூடான ரோட்டில் அந்த ரப்பர் இளகிப் பிடித்துக்கொள்ளும். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் இறுகிவிடும். ரோட்டில் ஈரமே வேண்டாம், பனியே வேண்டாம். குளிர் மட்டும் போதும், பிடி விட்டுவிடும். அன்று காலை லாட்ஜ்காரர் "ரெண்டு டிகிரிங்க, பாத்துப் போங்க" என்று சொன்னதை நீயும் கேட்டாய்.

உனக்கு முன்னமே தெரியும். தெரியும்தானே?

தேஜா


சிங்காநல்லூர்,
11.8.2024

தேஜா,

ஆமாம், தெரியும். போதுமா?

டயர் வாங்கும்போதே கூட வந்த என் சினேகிதன் ரூபன் சொன்னான். "மச்சான், இது டிராக்குக்குத்தான். மார்கழி தையில மல மேல ஏத்திப்போடாதே" என்றான். நான்தான் ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அம்மா புல்லில் உட்கார்ந்து முனகும்போது, அது என்னால்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தச் சமயத்தில் உன் பேஸ்ட் கண்ணில் பட்டது. யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

நீ திட்டு வாங்கிப் பழகியவன் தேஜா. உனக்கு அது இன்னொரு திட்டு. எனக்கு அதுதான் முதல் திட்டாக இருந்திருக்கும். இருபத்து நாலு வயது வரைக்கும் நைனா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கு இது புரியாது.

நவம்பர் 24 நிச்சயதார்த்தம். ஊட்டிக்குப் பக்கத்தில், ஷ்ரவ்யா வீட்டில். முகூர்த்தம் காலை ஏழரைக்குள். முந்தின நாளே போய் அதே லாட்ஜில் தங்குகிறோம். அது முடியட்டும், நைனாவிடம் நானே சொல்கிறேன். சத்தியம்.

டயர் அதேதான். காரைச் சரிசெய்தபோது டயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நைனாதான் திரும்ப மாட்டச் சொன்னார். இப்போது போய் மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார். நான் மெதுவாக ஓட்டுகிறேன். நீ இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

ஆதர்ஷ்


அன்னூர்,
10.11.2024

ஆதர்ஷ்,

உன் கடிதத்துக்கு ஆகஸ்டிலிருந்து பதில் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். 'உனக்கு அது இன்னொரு திட்டு.' இந்த வரியை அஃபானுக்குப் படித்துக் காட்டினேன். அவன் எழுந்து போய் எனக்கு டீ வாங்கி வந்தான். அவன் காசில் வாங்கினான் என்றால் பார்த்துக்கொள்.

எனக்கு வலிக்காது என்று யார் உன்னிடம் சொன்னது? அடிக்கடி அடி விழுகிற இடம் மரத்துவிடுமா? அம்மா தோளைக் கேட்டுப் பார்.

இன்று போனில் அம்மா பேசினாள். "பரிச்ச இருக்குதல்லோ கண்ணு, நிச்சயத்துக்கு நீ வர வேண்டாம்னு நைனா சொல்லிட்டாரு" என்றாள். பரீட்சை டிசம்பரில்தான் ஆதர்ஷ். எல்லோருக்கும் தெரியும். நான் வந்தால் மறுபடியும் டயரில் ஏதாவது பூசிவிடுவேன். அதுதானே பயம்? என் அண்ணன் நிச்சயத்துக்கு நான் போகவில்லை. சம்பந்தி வீட்டில் 'தம்பி எங்கே' என்று கேட்டால் என்ன சொல்வாய்? 'படிக்கிறான்' என்பாய். வாய் கூசாது உனக்கு.

என்னைக் கூப்பிடாவிட்டால் போகிறது. நான் எழுத வந்தது அதை இல்லை. அந்தக் காரில் அம்மா உட்காரப் போகிறாள். அதே டயர், அதே மலை, அதே விடிகாலை. பொய் சொன்னது நீ. அந்தப் பொய்யை நம்பி அதே டயரை மாட்டச் சொன்னது நைனா. உட்காரப் போவது அம்மா. 'மெதுவாக ஓட்டுகிறேன்' என்கிறாய். போன தடவையும் நீ ஒன்றும் பறக்கவில்லை. வளைவில்தான் வழுக்கியது. கெட்டியான ரப்பருக்கு உன் நல்லெண்ணம் தெரியுமா?

போனிலேயே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். வார்டன் இருந்தால் இருக்கட்டும் என்று சொன்னேன். "அம்மா, தப்பு பேஸ்ட் மேல இல்ல. அந்த டயரே குளுருக்கு ஆகாது. அண்ணனுக்குத் தெரியும்." அம்மா, "இன்னுமா சாமி அண்ணன் மேல பழி போடறே? நான் உன்ர மேல கோபப்பட்டனா? ஒரு வார்த்த கேட்டனா?" என்றாள். அவள் அழுத சத்தம் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

பார்த்தாயா? நான் நிஜத்தைச் சொன்னால் அது என் அடுத்த குறும்பு. நீ பொய் சொன்னால் அது சாட்சி.

நைனாவிடம் நீ சொல்லவே வேண்டாம். சாகும் வரைக்கும் அவர் செல்லப் பிள்ளையாகவே இருந்துகொள். டயரை மாற்று. ஊரில் ஓடுகிற சாதாரண டயராகப் போடு. நைனா கேட்டால், சுற்றினால் 'ஐயோ அம்மா' என்று சத்தம் வருகிறது, தேஜா மந்திரம் வைத்துவிட்டான் என்று சொல். என் மேல் போட்டுக்கொள். இந்த ஒரு தடவை நானே அனுமதி தருகிறேன், கையெழுத்துப் போட்டு.

தேஜா


சிங்காநல்லூர்,
26.11.2024

அன்புள்ள தேஜா,

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அம்மா நலம். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டயரை மாற்றிவிட்டேன். நாலையும். பழையதைப் பட்டறைப் பின்புறத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். நைனா பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அத்தோடு தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தில் நீயே சொல்லிவிட்டாயே, நைனாவிடம் சொல்ல வேண்டாம் என்று. அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையைத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை லாட்ஜிலிருந்து கிளம்பும்போது அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். குனிய முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து வைத்தாள். நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். புல் வெள்ளையாக இருந்தது, அன்றைக்குப் போலவே. ஷ்ரவ்யா வீடு கேத்தி தாண்டித்தான். அந்த வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் சாதுவாகத் திரும்பியது. அம்மா, கதவுக்கு மேலே கைப்பிடியைப் பிடித்திருந்த நல்ல கையை எடுத்துவிட்டு, பெருமூச்சு விட்டுச் சொன்னாள். "அவன் வராததே நல்லதாப் போச்சு."

என்னால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை தேஜா. காரை ஓரம் கட்டினேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று நைனா சத்தம் போட்டார். நான் சொன்னேன். டயர், ரூபன் சொன்னது, அன்று என் வாயில் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். அப்புறம், "டயரா? நீ வேகமா ஓட்டுனதுனு நெனச்சேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "பேஸ்ட்டுனு நெனைக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா பட்டறை வெச்சிருக்கறவன்டா நான். பேஸ்ட்டு பக்கத்துல இருந்துச்சு, ரோட்டுல படற எடத்துல இல்ல. அன்னைக்கே பாத்துப்போட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க அவனைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல போட்டீங்க?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். தம்பியக் கொண்டுபோய் உட்டா உனக்கு உறுத்தும், சொல்லிருவேன்னு பாத்தேன்."

இறங்கி ரோட்டோரம் நின்றேன். அம்மாதான் கூப்பிட்டாள்.

நைனா சொல்கிறார், ஹாஸ்டல் வேண்டாமாம். டி.சி. வாங்கி உடனே உன்னைக் கூட்டி வந்துவிடலாமாம். அடுத்த வார ஞாயிறு நானும் அவரும் வரட்டுமா? எழுது. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுது.

உன் அண்ணன்,
ஆதர்ஷ்


அன்னூர்,
1.12.2024

அண்ணா,

'அண்ணா' என்று போட்டுவிட்டேன், பார்த்துக்கொள். உனக்கு அந்தப் பட்டம் திரும்பக் கிடைத்துவிட்டது. காரை ஓரம் கட்டினாயே, அதற்காக. டயரை மாற்றியதற்காக இல்லை. டயரைப் பணம் கொடுத்தால் எவனும் மாற்றுவான்.

ஆனால் கோபம் குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது. இத்தனை நாளும் அது ஒரு ஆளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது இரண்டு பேருக்குப் பங்கு வைக்க வேண்டியிருக்கிறது.

நைனாவுக்குத் தெரியுமாம்! முதல் நாளே தெரியுமாம்! உனக்கு உறுத்துகிறதா என்று பார்ப்பதற்கு என்னைக் கொண்டுவந்து இங்கே வைத்தாராம். சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் மாதிரி. பழத்தைக் கேட்டா வைக்கிறார்கள்? நசுங்கினால் வண்டிக்கு நல்லது, அவ்வளவுதான். உன் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கைக்கு நான் நசுங்கினேன். அம்மா கை தோளுக்குப் போவதை அவரும்தான் தினமும் பார்த்தார். 'இவன் இல்லை' என்று அவள் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். இவ்வளவு நீளமாக, இவ்வளவு பேரை அழவைத்து, கடைசி வரை பெயரே போடாமல் ஒரு வேலை நான் செய்ததில்லை. இந்த விஷயத்தில் நைனாதான் எனக்கு வாத்தியார். ஆனால் மார்க் போட மாட்டேன். என் கட்சியின் முதல் விதியையே மீறிவிட்டார்.

இன்று அம்மா போன் செய்தாள். அவளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தேன். 'அவன் வராததே நல்லதாப் போச்சு' என்றதற்கு. எடுத்ததும், "சாப்பிட்டயா கண்ணு" என்றாள். அதையே மூன்று தடவை கேட்டாள். "சாப்பிட்டேன்மா, தூங்குனேன்மா" என்றேன். அழகிரிசாமி சார் முதல் தடவையாகத் திரும்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஆகவே அம்மா பங்கையும் சேர்த்து உங்கள் இரண்டு பேருக்கே அனுப்புகிறேன்.

டி.சி. வாங்க வேண்டாம். நைனா நினைத்தால் கொண்டுவந்து விடுவது, நினைத்தால் கூட்டிப்போவது என்றால் நான் என்ன பட்டறைச் சாமானா? இதுவரைக்கும் இது நைனா போட்ட ஹாஸ்டல். இனிமேல் நான் இருக்கிற ஹாஸ்டல். பிளஸ் டூ வரைக்கும் இங்கேதான் படிப்பேன். அஃபானும் இருக்கிறான். பொங்கலுக்கு மட்டும் வருகிறேன், பஸ்ஸில். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது.

அந்தப் பழைய டயர் நாலையும் விற்காதே. பட்டறைப் பின்புறத்திலிருந்து எடுத்து வாசலில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி சாத்தி வை. பின் டயரில் நான் எழுதிய பெயர் எப்போதோ மழையில் போயிருக்கும். பரவாயில்லை, என் கையெழுத்தை நான் அன்றைக்கே போட்டாயிற்று. உன் பெயரை ஒரு டயரில் எழுது. பக்கத்து டயரில் நைனாவை எழுதச் சொல். அவர் கையால், அவர் முழுப்பெயர், சென்னகிருஷ்ணன் என்று. கஸ்டமர் கேட்டால் என்ன ஏது என்று அவரே சொல்லட்டும். மிச்சமிருக்கும் நாலாவது டயரில் எதுவும் எழுத வேண்டாம். அது அம்மாவுக்கு. அவள் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அது வந்த பிறகுதான் பஸ்.

பேஸ்ட்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். ஹாஸ்டல் கடையில் வாங்கியது. முக்கால் ட்யூப் இருக்கிறது. நைனா பெயர் நீளம், கஞ்சத்தனம் பார்க்காமல் அழுத்தி எழுதச் சொல்.

தேஜா